கைநாட்டும் கைத்தொடுதலும்

ஒருவன் ஒரு காரியத்துக்குச் சம்மதித்தான் என்று எப்பொழுது சொல்லலாம்? ‘ஆம்’ என்று அவன் வாய் சொன்னபொழுதா, அவன் விரல் காகிதத்தில் பதிந்தபொழுதா, அன்றித் தான் எதற்கு ‘ஆம்’ என்கிறோம் என்பதை அவன் அறிந்தபொழுதா? இது வக்கீல்மார்களுக்கும் தர்க்க சாஸ்திரிகளுக்கும் உரிய கேள்வி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் ஒரு கிராணிக்கு அதனால் ஆகவேண்டியது என்ன? ஆயினும் சென்ற ஆண்டு அக்கேள்வி ஒரு கைத்தொலைபேசியின் வழியாக என் வீட்டுக்குள் நுழைந்தது, இன்னும் வெளியேறவில்லை.

என் தமக்கையின் மகன் ஜெரத்தை அடுத்த சுங்கை செம்பிலாங்கில் எங்களோடு தங்கிப் படித்து வருகிறான். மூன்று தீபாவளிகளுக்கு முன், பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து, 50 வெள்ளிக்குக் கைத்தொலைபேசியில் ஒரு விளையாட்டு வாங்கினான். சுடுவதும் குத்துவதும் அதில் இல்லை. வெற்று நிலம் ஒன்றைக் கொடுத்து, அதில் பாதை போட்டு, வாய்க்கால் வெட்டி, வீடு கட்டி, ஓர் ஊரையே உண்டாக்கச் சொல்லும் விளையாட்டு அது. பள்ளிவிட்டு வந்து அரைமணி, சனி ஞாயிறுகளில் ஒரு மணி என்று இரண்டு ஆண்டுகள் அவன் அவ்வூரைக் கட்டினான். நடுவே ஒரு நூல்நிலையம் வைத்தான். ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகளை நிறுத்தினான். நம்முடைய கரையோரத்தைப் பார்த்தே அமைத்தான் போலும். ஒரு நாள் காலை விளையாட்டு திறக்கவில்லை. சேவை நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. கம்பெனியின் பெயர் இங்கே அவசியமன்று.

“மாமா, காசு கொடுத்துத்தானே வாங்கினேன்? என் ஊரை யார் எடுத்துக்கொண்டது?” என்றான்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. பிறகு தோன்றியது, சொல்ல வெட்கமாயிருந்தது. அவன் வாங்கிய அன்று திரையில் நீண்டதோர் ஒப்பந்தம் வந்தது. வயது வராத பிள்ளையாகையால் பெரியவர் ஒருவர் சம்மதிக்கவேண்டும் என்று அது கேட்டது. அவன் அதை என்னிடம் கொண்டுவந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வலது கையில் சோறு. இடது கைப் பெருவிரலால் ‘சம்மதம்’ என்ற பொத்தானைத் தொட்டுவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தேன்.

அன்றிரவு அவ்வொப்பந்தத்தைத் தேடியெடுத்து முதன்முறையாகப் படித்தேன். தந்தையார் கடன்பட்டுப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படிக்கவைத்தவன் நான். எனக்கே மூன்று இடங்களில் அகராதி வேண்டியிருந்தது. சாரம் இதுதான்: விளையாட்டு உமக்கு விற்கப்படவில்லை, அதை உபயோகித்துக்கொள்ள உமக்கு அனுமதி மட்டும் தரப்படுகிறது, அவ்வனுமதியைக் காரணம் கூறியோ கூறாமலோ எப்பொழுது வேண்டுமானாலும் நாங்கள் ரத்து செய்யலாம். பத்திரம் எழுதும் நம் பெரியோர் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தனர். ஒன்று பாத்தியதை, மற்றொன்று அனுபோகம். பையன் பாத்தியதைக்குப் பணம் கொடுத்தான். கம்பெனி அனுபோகத்தைக் கொடுத்தது. ஆனால் பணம் வாங்கிய பொத்தானின்மேல் எழுதியிருந்த சொல் ‘வாங்கு’ என்பதே.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமன்று. 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, தன் ‘கிண்டில்’ என்னும் கையடக்கப் படிப்புக் கருவியிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கைகளிலிருந்தே, தொலைவிலிருந்தபடி அழித்துவிட்டது. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. கம்பெனித் தலைவரும் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆயினும், நூலோடு தான் எழுதிவைத்த குறிப்புகளும் பயனற்றுப் போயின என்று ஒரு மாணவன் வழக்குத் தொடுத்தான். அழிந்த நூல்களில் ஒன்று ‘1984’. வேண்டாத எழுத்தையெல்லாம் அரசாங்கமே அழித்துவிடும் ஒரு நாட்டைப் பற்றியது. இதைக் கதையாக எழுதியிருந்தால் மிகை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

2014 டிசம்பரில் யுபிசாப்ட் கம்பெனி ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31-ஆம் தேதி அதை நடத்திவந்த கணினிகளை நிறுத்தியது. தனியாக ஆடியவர்களுக்கும் அதுவே முடிவு. இதனாலெழுந்த கிளர்ச்சி ஐரோப்பாவில் பரவி, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. அவர்கள் கேட்பது பெரிதன்று: எந்தக் கம்பெனியும் என்றென்றும் கடையைத் திறந்துவைக்க வேண்டியதில்லை, மூடுகிறபொழுது, விற்ற பொருளை வாங்கியவன் கையில் இயங்கும் நிலையில் விட்டுச் செல்க என்பதே.

நிற்க. ஒரு விளையாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோட்டத்து வாசகர் சிலர் நகைப்பர். பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்தால் போதும் என்றிருக்கும் தாய்மார்கள் அக்கம்பெனிக்கு வாழ்த்துக்கூடச் சொல்லுவர். அவர்களுக்கு என் பாட்டனாரின் சங்கதியைச் சொல்லவேண்டும்.

அவர் பால்மரம் வெட்டியவர், எழுத்தறியாதவர். ஆபீசிலிருந்து எக்காகிதம் வந்தாலும் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். லயத்து வீட்டில் நாற்பதாண்டு குடியிருந்தார். வாசலில் முருங்கை வைத்தார். பின்புறம் இரண்டு தென்னை. வேலிக்கு வெளியே கோழிக்கூடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யும்படி காகிதம் வந்தது. “நான் எப்பொழுது இதற்கு ஒப்புக்கொண்டேன்?” என்று ஆபீசில் போய்க் கேட்டார். கிராணி ஒரு பழைய காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதன் அடியில் பாட்டனாரின் பெருவிரல் இருந்தது. அக்கிராணி பொய் சொல்லவில்லை. காகிதமும் பொய்க் காகிதமன்று. பாட்டனார் ஒன்றும் பேசாமல் திரும்பிவந்து, முருங்கைக்காய்களைப் பறித்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மூட்டை கட்டினாராம். மரத்தைக் கொண்டுபோக முடியாதல்லவா?

வட சிலாங்கூரில் இக்கதை அறியாதார் யார்? மேரி, மின்யாக், சுங்கை திங்கி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245, தமக்கென ஒரு வீட்டுக்காக இருபதாண்டுக்கு மேல் காத்திருந்தன. 2023-இல்தான் வீடு கட்ட அரசாங்கம் நிதி அறிவித்தது. வாழ்ந்த இடம் ஒன்று, உரிய இடம் வேறொன்று என்பதை நம்மவர் ஒப்பந்தம் படித்துக் கற்கவில்லை. ஆகையால், ‘உபயோகிக்க அனுமதி மட்டும்’ என்னும் சொற்றொடரைக் கைத்தொலைபேசியில் கண்டதும் உலகத்திலேயே முதலாவதாக விழித்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் நாம். நானோ சோறு தின்றுகொண்டிருந்தேன்.

இன்னுமொன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடும் கள்ளுக்கடை ஒழிப்போடும் சேர்த்துக் கேட்ட கோரிக்கைகளில் சைக்கிளும் இருந்தது. தொழிலாளி தன் கூலியில் வாங்கிய சைக்கிளில் போகும்பொழுது எதிரே துரையோ ஆபீஸ் உத்தியோகஸ்தரோ வந்தால் இறங்கி நிற்கவேண்டும். அவ்வழக்கம் ஒழிக என்றனர். கூலியைக் கேட்டவர்கள் சைக்கிளை ஏன் மறக்கவில்லை? விலை கொடுத்து வாங்கியவனுக்கு ஏறியிருக்க உரிமையில்லை என்றால் அவன் வாங்கியது எதை? அன்று அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் கிராணியும் இருந்தார் என்பதைக் கிராணியாகிய நான் மறைக்கப் போவதில்லை.

இனி முதற்கேள்விக்கு வருவோம். படிக்க அறியாமல் விரல் வைத்த என் பாட்டனார், படிக்க அறிந்தும் படியாமல் விரல் வைத்த நான்: இருவரில் குற்றமுடையவர் யார்? நான்தான் என்று உடனே சொல்லத் தோன்றுகிறது. கண்ணிருந்தும் பாராதவனுக்குக் குருடன்மேல் பழிபோட உரிமையில்லை. ஆனால் இவ்விடையில் ஓர் இடர் உண்டு. படித்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒரு வரியை அடித்துத் திருத்த அத்திரையில் இடமில்லை. பேரம் பேச ஆளில்லை. இருப்பவை இரண்டே வழி: முழுவதையும் ஏற்பது, அல்லது வாசலோடு திரும்புவது. பாட்டனாரும் காகிதத்தைப் படித்துக் கேட்டிருந்தால், அவருக்குமுன் இருந்த வழிகளும் அவ்விரண்டே. தலைக்குமேல் கூரையின்றி நான்கு பிள்ளைகளோடு அவர் எங்கே திரும்பியிருப்பார்?

எல்லாவற்றையும் படித்துத்தான் ஒப்புவது என்று ஒருவர் விரதம் பூண்டால் என்னாகும் என்பதற்கும் கணக்கு உண்டு. இணையத்தில் ஒருவர் ஓராண்டில் செல்லும் தளங்களின் அந்தரங்கக் கொள்கை அறிக்கைகளை மட்டும் படிக்க ஏறக்குறைய 201 மணி நேரம் வேண்டும் என்று 2008-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் கணித்தனர். நாளொன்றுக்கு எட்டு மணி என்று என் செக்ரோல் முறைப்படி போட்டால் இருபத்தைந்து பெரட்டு. ஒரு மாத வேலை. கூலியில்லாத வேலை. பிரிட்டனில் ‘கேம்ஸ்டேஷன்’ என்னும் விளையாட்டுக் கடை 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி, வாங்குவோர் தம் ஆன்மாவையே கடைக்கு எழுதிக் கொடுப்பதாக ஒரு விதியை ஒப்பந்தத்தில் பரிகாசமாகச் சேர்த்தது. சுமார் 7,500 பேர் சம்மதித்தனர். ஆன்மா என்று ஒன்று உண்டா என்ற விவகாரத்தில் நான் புகவில்லை, இல்லாதவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் அந்த 7,500 பேரும் மூடர்கள் என்று எவரும் சொல்லார். எவராலும் படிக்கமுடியாதபடி எழுதிவிட்டு, படிக்கவில்லை என்று வாசகனைக் குற்றஞ்சாட்டுவது, இருட்டில் கணக்கு எழுதிவைத்து விளக்கைக் கொண்டுவரவில்லை என்று கூலிக்காரனைக் கடிவது போலாகும்.

ஆகவே சம்மதம் என்பது விரலில் இல்லை என்பது என் துணிபு. கேட்பவன் விளங்கச் சொல்லியிருக்கவேண்டும். கொடுப்பவன் மறுத்தால் பிழைத்திருக்கவேண்டும். இரண்டும் இல்லாதவிடத்துப் பதிந்த விரல், விரல் ஒன்று அவ்வழியே போனதற்குச் சாட்சி, அவ்வளவே. விளையாட்டை மறுத்தால் பையன் பிழைத்திருப்பான். வீட்டை மறுத்தால் பாட்டனார் பிழைத்திரார். இவ்வேற்றுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று சம்பளம், பள்ளிப்பாடம், மருத்துவமனை முறைநேரம் யாவும் கைத்தொலைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. மறுத்தும் பிழைக்கக்கூடியவை நாளுக்கு நாள் குறைகின்றன.

சட்டம் உறங்கிவிடவில்லை. இணையத்தில் தரும் பொருள் வெறும் அனுமதியே என்று தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்ற சொல்லை வைக்கலாகாது என்று கலிபோர்னியா 2024-இல் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நம் நாட்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும் 2010-இல் ஒரு திருத்தம் செய்து, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கண்டிக்கும் பகுதியைச் சேர்த்தனர். இவற்றால் ஊர் திரும்பிவிடாது. சொல்லாவது நாணயமாயிருக்கும், அதுவும் சிறிதன்று.

எனக்கு அருகிலுள்ள இடம் கலிபோர்னியாவன்று, என் மேசை. எங்கள் தோட்டத்தில் இப்பொழுது செம்பனைக் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் வங்காள தேசத்தினர். புதிதாக வருபவர் ஒப்பந்தத்தில் விரல் வைப்பது என் முன்னிலையில்தான். இத்தனை ஆண்டும், வைக்கவேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டிவந்தேன். பையனின் ஊர் போனபின் வந்த முதல் ஆளுக்கு அப்படிச் செய்யக் கை வரவில்லை. சற்று மலாய் அறிந்த அவருடைய தோழர் ஒருவரை அழைத்து, வரிவரியாக மலாயில் சொன்னேன். அவர் தம் மொழியில் சொன்னார். நாற்பது நிமிஷமாயிற்று. மானேஜர் இருமுறை வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் பக்கத்தில் அம்மனிதர் ஒரு கேள்வி கேட்டார்: “வேலை முடிந்துவிட்டால், வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம்?” காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். அதில் இல்லை. ஓரத்தில் அக்கேள்வியை எழுதி மானேஜர் மேசைக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் அன்றே விரல் வைத்துவிட்டார். மறுநாள் பெரட்டுக்குப் பெயர் வேண்டுமே.

தமக்கை மகன் சென்ற வாரம் வேறொரு விளையாட்டைக் கொண்டுவந்தான். இம்முறை கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனோடு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே போனேன். ‘எந்நேரத்திலும் நிறுத்தலாம்’ என்ற இடம் வந்ததும், “ராத்திரியிலுமா மாமா?” என்றான். ராத்திரியிலும்தான் என்றேன். சற்று யோசித்தான். “அப்புறம் வாங்கிக்கொள்ளுகிறேன்” என்று கைத்தொலைபேசியை என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனான். இரவு பார்த்தபொழுது பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் தன் பழைய ஊரை வரைந்துகொண்டிருந்தான். நூல்நிலையமும் படகுத்துறையும் வந்துவிட்டன. ஆறு எந்த இடத்தில் வளைந்தது என்பதுதான் அவனுக்கு நினைவு வரவில்லை.