சாலைக்கு முந்தியவர்கள்

பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட என்னைப் போன்றவர்கள் கூடினால் பேச்சு சீக்கிரமே ஊர்க்குறையில் வந்து நிற்கும். எச்சில், குப்பை, ஹாரன், நடைபாதைக் கடை. சொல்வதில் பொய் இல்லை. ஆனால், “இந்த ஊர்க்காரங்களுக்கு சிவிக் சென்ஸே கிடையாது” என்று யாராவது முடிக்கும்போது மனம் ஒப்புவதில்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் லூப் ரோட்டில் மீன் கடைகள் இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் கண்ணாடியை இறக்கி ஒருவர் சத்தம் போட்டார்: “ரோட்டை மறிச்சு யாவாரம் பண்றீங்களே, இது என்ன பழக்கம்?” சங்கராவைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “ரோடு வர்றதுக்கு முன்னாடியே நாங்க இங்கதான் சார் இருக்கோம்.” உண்மையில் வழியை அடைத்து நின்றவை மீன் வாங்க வந்தவர்களின் கார்கள். அவற்றைப் பற்றிக் கார்க்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தச் சண்டை பழையது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப்போய், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு நெரிசலை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் அங்கேயே மாநகராட்சியின் மீன் அங்காடி திறக்கப்பட்டது.

மீனவர் குப்பத்தில் ஒழுங்கு இல்லை என்பவர்கள் அங்கே சற்று நேரம் நின்று பார்த்ததில்லை. யார் படகு எங்கே நிற்கும், யார் வலை எங்கே காயும் என்பதெல்லாம் எழுதாமலே நடக்கிறது. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கிறது. அதற்காக மணலில் மீன் கழிவையும் பிளாஸ்டிக்கையும் விட்டுப்போவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். “நாங்க பொறந்த ஊரு” என்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தக் கடல் முதலில் அவர்களுடையதுதானே, அவர்களே அதைக் கெடுக்கலாமா?

ஆனாலும் இரு தரப்பும் சம பலத்தோடு மோதுவதில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. அடுக்குமாடியில் இருப்பவருக்கு ஆணையருக்கு மனு எழுதத் தெரியும், வழக்கறிஞரைத் தெரியும், புகார்ச் செயலியில் போட்டோ ஏற்றத் தெரியும். கூடைக்காரம்மாவுக்குச் சாலையில் உட்காருவது ஒன்றுதான் வழி. உடனே அந்த மறியலையும் நம்மவர்கள் இன்னொரு குறையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருவரின் வசதிக்குறைவும் இன்னொருவரின் அன்றாடச் சோறும் ஒரே எடை ஆகுமா?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இப்போது கடற்கரையில் வலை காயப்போடுவதை எதிர்த்து ஒரு மனு தயாராகிறது. கையெழுத்து வாங்கும் முன் குப்பத்துப் பஞ்சாயத்தாரைக் கூட்டத்துக்கு அழைத்து, வலையை வேறு எங்கே காயப்போட முடியும் என்று அவர்களிடமே கேட்கலாம் என்றேன். செயலாளருக்குப் பிடிக்கவில்லை. சிலர் சரி என்றிருக்கிறார்கள். மனு இன்னும் போகவில்லை.