கொட்டிய பாலின் பாவம் யாரைச் சேரும்?

கொள்ளைநோயின் அச்சத்தால் பள்ளிக்கூடங்களும் உணவு விடுதிகளும் ஒருசேர மூடப்பட்டிருந்த 2020 ஏப்ரலில், அமெரிக்காவின் விஸ்கான்ஸின் முதலிய மாநிலங்களில், கறந்த பாலைப் பண்ணைக்காரர்கள் சாணக் குட்டைகளில் திறந்துவிட்டார்கள். நாளொன்றுக்கு 37 லட்சம் காலன் வரை, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் லிட்டர், இவ்விதம் வீணாவதாக அந்நாட்டின் மிகப் பெரிய பால் கூட்டுறவு ஸ்தாபனம் மதிப்பிட்டது. அதே வாரங்களில், ஆளுக்கு இத்தனை புட்டிதான் என்று பல கடைகளில் அறிவிப்புத் தொங்கியது. உணவு தானம் செய்யும் நிலையங்களின் முன் ஜனங்கள் நெடுவரிசையில் காத்திருந்தார்கள். இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர் நெஞ்சம் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால் குழாயைத் திறந்த குடியானவனையே குற்றவாளியாக்கியது அநியாயம்.

பசு ஊரடங்கை அறியாது. வேளை தவறாமல் கறக்காவிட்டால் அதற்கு மடிநோய் காணும். கறந்ததையோ பண்ணையின் குளிர்த்தொட்டி இரண்டொரு நாளுக்கு மேல் ஏற்காது. அண்டை அயலாருக்கு வார்க்கலாமே என்றால், பதப்படுத்தாத பாலை விற்பதற்குப் பல மாநிலங்களில் சட்டம் குறுக்கே நிற்கிறது. நோய்க்கு அஞ்சி இயற்றிய அச்சட்டத்தை அறிவீனம் என்று தள்ளவும் இயலாது. ஆலையிலோ, பள்ளிச் சிறுவர்க்கான சிறு அட்டைப்பெட்டியை நிரப்பும் இயந்திரம் குடும்பத்துக்கான பெரும்புட்டியை நிரப்பாது. விடுதிகளுக்கென மொத்தமாகப் பாலாடைக்கட்டி செய்யும் ஆலை, கடைக்கான சிறு பொட்டலத்துக்கு ஒரே இரவில் மாறிவிடாது. தானமாகக் கொடுக்க மனமிருந்த இடத்திலும், பதப்படுத்தி, அடைத்து, ஏற்றிச் செல்லும் செலவை யார் ஏற்பது, அவ்வளவு பாலையும் குளிரில் வைக்கத் தான நிலையத்தில் இடம் ஏது என்ற கேள்விகள் எழுந்தன. விளைபொருளை அரசே வாங்கி ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டிகளில் வழங்கும் திட்டம் மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே எவர் மீதும் குற்றமில்லை என்று கைகழுவிவிடலாமோ? சாதாரண காலத்தில் ஓர் இயந்திரமும் ஒரு கிடங்கும் சும்மா இராதபடி அமைத்துக்கொண்ட அந்தச் சிக்கனத்தால் பால் மலிவாகக் கிடைத்தபோது, பால் வாங்கிய குடும்பங்கள் யாவும் அதன் பலனை அனுபவித்தன. இடர் வந்தபோது நேர்ந்த நஷ்டத்தையோ, கூட்டுறவின் அங்கத்தினர்களான பண்ணைக்காரர்களே பெரும்பாலும் தமக்குள் பங்கிட்டுச் சுமந்தார்கள். லாபம் பலருக்கும் நஷ்டம் சிலருக்கும் என்ற இந்த ஏற்பாட்டை, இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை என்பதற்காக நியாயமென்று ஒப்புக்கொள்வதற்கில்லை. நல்ல காலத்தில் சும்மா கிடக்கக்கூடிய ஒரு பால் பவுடர் ஆலைக்கும் குளிர்க்கிடங்குக்கும் வரிப்பணம் கொடுப்பதை வீண்செலவு என்று மறுக்கும் சமூகத்துக்கு, பாலைக் கொட்டியவனைக் கண்டிக்கும் யோக்கியதை இல்லை.