இணைப்பு இல்லை என்பது

புதுச்சேரி மிஷன் வீதியில் என் கடை. புதிதாக இன்டர்நெட் வாங்கியவர்கள் வருவார்கள். “மெயில் வருது, போகல தம்பி. சர்வரே இல்லபோல,” என்றார் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர். அனுப்பும் போர்ட் 25 என்றிருந்தது. குப்பை மெயிலுக்குப் பயந்து பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்துவைப்பது வழக்கம். 587 போட்டதும் போய்விட்டது.

சர்வர் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காணவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றா? பாட்ட மீமாம்சகர் என்ற தத்துவப் பள்ளியினர் காணாமையைத் தனி அளவையாகவே, அதாவது அறியும் வழியாகவே, ஏற்றார்கள். ஆனால் இருந்தால் தெரிந்தே ஆகவேண்டிய இடத்தில் மட்டும். (இந்த நிபந்தனை எல்லோருக்கும் சௌகரியமாக மறந்துவிடுகிறது.)

கடவுள் விஷயத்திலும் இதே கேள்விதான். 1748இல், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில், எங்கள் ஊர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. ஈசுவரன் தடுக்கவில்லை. ஆகவே அவர் இல்லை என்பவரிடம், தடுத்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது என்பேன். கோயில் மறுபடி எழுந்ததைச் சான்றாகக் காட்டும் பக்தரையும் விடமாட்டேன். அதைக் கட்டியது ஊரார்.