தோடு எங்கே போனது?

அப்பா பொய் சொல்கிறார் என்று நீங்கள் முதன்முதலில் கண்டுபிடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

கடன்காரர் வாசலில் நிற்கும்போது, 'அப்பா ஊர்ல இல்லேன்னு சொல்லுடா' என்று கதவுக்குப் பின்னால் கிசுகிசுத்தாரே, அதைக் கேட்கவில்லை. அது கூட்டுக் களவாணித்தனம். அதில் ஒரு குஷிகூட உண்டு. நான் கேட்பது நம்மிடமே சொன்ன பொய்யை, நம்மைப் பலிகொடுத்துச் சொன்ன பொய்யை.

எனக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது. அதை எழுதும் தைரியம் இன்னும் வரவில்லை. அதனால் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அனுமதி வாங்கிவிட்டேன். 'பேரு போடாதீங்க. ஊரு வேணா போட்டுக்குங்க' என்றார். ஊர், முத்தாண்டிக்குப்பம்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் நேர்க்கோட்டுச் சாலைகளும் எண் போட்ட வட்டங்களும் முடிந்த பிறகு செம்மண்ணும் முந்திரித் தோப்பும் ஆரம்பிக்கும் பக்கம் அது. இந்த முந்திரியை வைத்துத்தான் பல வீடுகள் ஓடின. 2011 டிசம்பர் 30-ம் தேதி அதிகாலை வந்த 'தானே' புயல், தாத்தா காலத்து மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் கடன் வாங்கிக் கன்று வைத்து மீண்டவர்களில் நண்பரும் ஒருவர். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் பேசப் போயிருந்தபோது பழக்கமானார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு இறங்கினேன். கூட்டம் கலைந்த பிறகு வந்தார்.

'பெத்தவங்க பிள்ளைங்களைப் புரிஞ்சுக்கணும்னு சொன்னீங்க. சரி. பிள்ளைங்க பெத்தவங்களைப் புரிஞ்சுக்கிட்டா என்னா ஆவும்னு சொல்லலியே சார்?'

பதில் தெரியாமல் டீ சாப்பிடக் கூப்பிட்டேன்.

2002-ம் வருடம். அவருக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைப்பார். உங்களுக்கு முந்திரி என்றால் பாயசம். உடைக்கிறவர்களுக்கு அது கை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து, கறுத்து, உரியும். அந்தக் கையால் சேர்த்த காசில் அம்மா வாங்கியது ஒரு ஜோடித் தோடு. விசேஷத்துக்கு மட்டும் போடுவார். மற்ற நாளில் அரிசிப் பானைக்குள் கிடக்கும்.

ஒருநாள் தோடு இல்லை.

வீட்டில் மூன்றே பேர். அப்பா, அம்மா, இவர். இவர்தான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறவர் என்று ஊருக்கே தெரியும். அப்பா புளிய விளாரை ஒடித்து வந்தார். 'எங்கடா வித்த?' என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அம்மா அழுதுகொண்டே பார்த்திருந்தார். தடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நெய்வேலியில் 'துள்ளுவதோ இளமை' ஓடிக்கொண்டிருந்தது. 'திருடன்னு பேரு வந்துடுச்சி. அப்புறம் என்னா, திருடிட்டே போயிடலாம்னு தோணிச்சி சார்' என்றார். ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டார். நாற்பது ரூபாய் வந்தது. கூடவே மடித்த காகிதம் ஒன்றும் வந்தது.

அடகுக்கடை ரசீது. தோடு ஒரு ஜோடி. தேதி, அவர் அடி வாங்கிய நாளுக்கு மூன்று நாள் முன்னால்.

ரசீதை மடித்துப் பையிலேயே வைத்துவிட்டு, பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அல்லது பார்க்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு பேர், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கோளாறு, எல்லோரும் சேர்ந்து ஓடிப்போகிறார்கள். வந்த புதிதில் 'சின்னப் பசங்களைக் கெடுக்கிற படம்' என்று பெரியவர்கள் சபித்தார்கள். விரசம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால், பெரியவர்களை உறுத்தியது அது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளைகள் கெட்டதற்கு முதல் காரணமாக அந்தப் படம் வீட்டைக் காட்டியது. தியேட்டரில் அதுவரை நாம் பார்த்த அப்பாக்கள் தியாகம் செய்வார்கள், துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். இதில் வந்தவர்களோ நம் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். சிலருக்கு, நம் வீட்டிலேயே.

இதில் ஒரு வேடிக்கை. இயக்கம் என்று திரையில் பெயர் வந்தது கஸ்தூரி ராஜாவுக்கு. எழுதியவர் மூத்த மகன் செல்வராகவன். முதல்முறையாக கேமரா முன்னால் நின்றவர் இளைய மகன் தனுஷ். ஒரு அப்பாவும் இரண்டு மகன்களும் சேர்ந்துதான், பிள்ளைகளைப் புரிந்துகொள்ளாத வீடுகளைப் பற்றி ஊருக்குச் சொன்னார்கள்! அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

'படம் எப்படி இருந்துச்சு?' என்று கேட்டேன்.

'எல்லாப் பசங்களும் விசிலடிச்சானுங்க. நான் மட்டும் ரசீதையே நெனச்சிட்டிருந்தேன். அப்பாவைக் கேட்டா, என் பையில ஏண்டா கையை வுட்டேன்னு கேப்பாரு. அதுக்கு நான் என்னா சொல்றது?'

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிரெஞ்சுப் படம் ஞாபகம் வந்தது. த்ரூஃபோ 1959-ல் எடுத்த 'ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்'. பெரும்பாலும் அவருடைய சொந்தப் பால்யம். பையன் அந்துவான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு பாரீஸ் தெருவில் சுற்றுகிறான். எதிரில் அவன் அம்மா, வேறொரு ஆணுடன் முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறாள். இவன் பார்க்கிறான். இவன் பார்ப்பதை அவளும் பார்க்கிறாள். ராத்திரி வீட்டில் இருவரும் வாய் திறப்பதில்லை. அவன் பள்ளிக்கூடம் போகாதது அவளுக்குத் தெரியும். அவள் எங்கே இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு குற்றங்களும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. மறுநாள் பள்ளியில் வாத்தியார் ஏன் வரவில்லை என்று மிரட்டும்போது பையன் சொல்கிறான்: 'அம்மா செத்துட்டாங்க.' முதல்முறை பார்த்தபோது இதை வாய்க்கு வந்த பொய் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அந்தப் படம் வெளியானதும் த்ரூஃபோவின் பெற்றோர் மனம் நொந்துபோனார்கள். படத்தையோ அவர் ஆந்த்ரே பஸான் என்ற விமர்சகருக்குச் சமர்ப்பித்திருந்தார். தறிகெட்டுத் திரிந்த காலத்தில் அவரைத் தூக்கி நிறுத்தியவர் பஸான். ரத்தத்தில் அப்பா இல்லை. படப்பிடிப்பு தொடங்கிய கையோடு, 1958 நவம்பரில், பஸான் இறந்துபோனார்.

நம் ஊரில் இந்த விஷயத்துக்குச் சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது. கொன்றை வேந்தனின் முதல் வரியைச் சொல்லிப் பையனை உட்காரவைத்துவிடுவோம். பெற்றவர் தெய்வம், விஷயம் முடிந்தது. ஆனால், வள்ளுவரைப் பாருங்கள். 133 அதிகாரங்களில் பெற்றோரை வணங்கச் சொல்லி ஒரு தனி அதிகாரம் கிடையாது. மக்கட்பேறு இருக்கிறது. அதில் தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியது முதலில் வருகிறது, மகன் தகப்பனுக்குச் செய்ய வேண்டியது பிறகுதான் வருகிறது. அந்த வரிசை தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மகாபாரதத்தில் யயாதி என்று ஒரு ராஜா. செய்த தப்புக்கு மாமனார் சுக்கிராச்சாரியார் சபித்து, திடீரென்று கிழவனாகிவிடுகிறான். ஆசை மட்டும் அடங்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'என் கிழத்தனத்தை வாங்கிக்கொள், உன் இளமையைக் கொடு' என்கிறான். மூத்தவன் யது மாட்டேன் என்கிறான். சபிக்கப்படுகிறான். கடைசிப் பிள்ளை புரு கொடுக்கிறான். ராஜ்யம் கிடைக்கிறது. கதை சொல்கிறவர்கள் புருவைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு யதுவின் மேல் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. 'உன் தப்புக்கு நான் ஏன் கிழவனாகணும்?' என்று கேட்டவன் அவன்.

2010-ல் வந்த இந்திப் படம் 'உதான்', யதுவின் கதைதான் என்று சொல்வேன். நெய்வேலியைப் போலவே ஆலைக்காக எழும்பிய ஜாம்ஷெட்பூரில் நடக்கிறது. விக்ரமாதித்ய மோட்வானேயின் முதல் படம். அப்பாவை 'சார்' என்று கூப்பிட வேண்டிய வீடு. அங்கே கடைசியில் அப்பா திருந்துவதில்லை, கட்டிப்பிடித்து அழுவதில்லை. பையன் தன் குட்டித் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறான். நம் சினிமாவில் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், பெற்றோர் உணர்வார்கள். ஒன்று திரும்புதல், இன்னொன்று வெளியேறுதல். என் நண்பர் இரண்டும் செய்யவில்லை. அதே வீட்டில், அதே அப்பாவோடு, ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பதினான்கு வருடம் இருந்தார். 2016-ல் அப்பா இறந்தார். கொள்ளியும் வைத்தார். தோடு என்றைக்கோ வட்டியில் மூழ்கிப்போயிருந்தது.

'அம்மா இப்பவும் எப்பனாச்சும் சிரிச்சிக்கிட்டே, எந்தோட்டை எங்கடா வித்தேன்னு கேப்பாங்க சார். நானும் சிரிப்பேன்.'

யோசித்துப் பாருங்கள். அடகு வைத்ததா குற்றம்? என்னைக் கேட்டால் இல்லை. என்ன கஷ்டமோ, சாராயக் கடனோ, வைத்தியமோ. மனைவிக்குச் சொல்லாமல் அடகு வைத்த ஆண்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்டால் சிறை போதாது. குடித்தது, கோபம், கையாலாகாத்தனம், இதெல்லாம் குறைகள். பிள்ளைகள் இவற்றை மன்னித்துவிடுவார்கள், நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாக. ஆனால், அந்த மனிதர் தான் செய்ததை ஒரு பதினைந்து வயதுப் பையனின் முதுகில் எழுதினார். அதுவும் தெரிந்தே, விளாரை ஒடித்து வந்து. இதை மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்கோ, உங்களுக்கோ, கொன்றை வேந்தனுக்கோ இல்லை என்றுதான் நினைக்கிறேன். மன்னித்தால் அது அவராகப் பார்த்துக் கொடுப்பது. கடமை இல்லை.

இதை அவரிடம் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் உண்மையான கதைக்கு வந்தார்.

2024-ல், கன்று வைத்த கடனை அடைக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் லட்சத்துக்கு மேல் போனில் ரம்மி ஆடித் தோற்றிருக்கிறார். மனைவியிடம், 'மண்டிக்காரன் பணம் தரலை' என்று சொல்லிவிட்டார். அந்தம்மா மண்டிக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கிழித்துவிட்டார். பாவம், அந்த மனிதருக்கு என்ன ஏதென்றே புரியவில்லை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. 'ஆட்டம் நின்னு போச்சி சார். ஆனா எம் பையன் பாக்குற பார்வை நிக்கல. போன்ல மெசேஜெல்லாம் பாத்துட்டான்னு நெனக்கிறேன். ப்ளஸ் ஒன் படிக்கிறான். நானா அவங்கிட்ட சொல்லணுமா, வேணாமா?'

'சொல்லாதீங்க. சின்னப் பையன் மேல ஏன் பாரத்தை ஏத்தணும்?' என்றேன் உடனே.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், விருத்தாசலம் தாண்டுவதற்குள், நான் சொன்னது தப்பு என்று புரிந்துவிட்டது. பாரம் ஏற்கெனவே பையனிடம்தான் இருக்கிறது. தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறான். அவருடைய ரசீதைப் போல. போன் செய்து சொன்னேன். 'சரி சார்' என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். பையனைப் பின்னால் உட்காரவைத்துத் தோப்புக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். முகம் பார்க்காமல் பேச அதுதான் வசதி. 'மண்டிக்காரர் மேல தப்பில்லடா. நான்தான் ரம்மி ஆடித் தொலைச்சிட்டேன்' என்றிருக்கிறார்.

பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பையன் சொன்னானாம்: 'தெரியும்ப்பா. அம்மாகிட்ட எப்ப சொல்லப்போறீங்க?'

'ஒரு நிமிஷம் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சி சார். எந்த அம்மான்னு கேக்கப் பாத்தேன்' என்றார்.

'சொன்னீங்களா?'

'முந்திரி சீசன் முடியட்டும் சார்.'

அவர் சொன்ன சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் போன் வரவில்லை.