தொட்ட பிறகே சுகம்



மாற்கு முதலாம் அதிகாரக் கடைசியில் வருகிற குஷ்டரோகியை எல்லாருக்கும் தெரியும். சுகமானான் என்றதும் அல்லேலூயா சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நிதானித்து வாசியுங்கள். முதலில் ஆண்டவருடைய கை அவன்மேல் பட்டது. அதற்குப் பிறகுதான் குஷ்டம் நீங்கிற்று. லேவியராகமம் 13-ன்படி அவன் பாளயத்துக்கு வெளியே தனியாயிருந்து, 'தீட்டு' என்று தானே சத்தமிட வேண்டியவன். எத்தனை வருஷமாய் ஒரு மனுஷக் கையும் அவன்மேல் படவில்லையோ! நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே சொஸ்தமாக்கினவர், இவனைக் கையை நீட்டித் தொட்டார்.

இன்றைக்கு அந்த வியாதிக்கு அரசு ஆஸ்பத்திரியிலே இலவசமாகவே மருந்து கொடுக்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒழுங்காய்ச் சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆனாலும் 2019 வரை கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலே குஷ்டம் ஒரு காரணமாய் எழுதியிருந்தது. சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சபையிலிருந்து?

ஒரு கன்வென்ஷனிலே பிரசங்கியார் பாவத்தைக் குஷ்டத்துக்கு ஒப்பிட்டு அரைமணி நேரம் முழங்கினார். நாமெல்லாரும் வழக்கமாய்ப் பேசுகிற உவமைதான். கடைசிப் பாயிலே விரல் மழுங்கிய ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். மெதுவாய்க் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு விசாரித்தால், வியாதி குணமாகி ரொம்ப வருஷமாயிற்றாம். அவருக்குக் கைகொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

ஊழியக்காரரே, அந்த உவமையை விட்டுவிடுங்கள். விசுவாசிகளே, வருகிற திருவிருந்து ஆராதனைக்கு அப்படிப்பட்டவர் வந்தால், கையைப் பிடித்து அழைத்துவந்து உங்கள் பக்கத்திலே உட்கார வையுங்கள்.