புனித நதி மாசுபடுமா?

கங்கை பாவத்தைக் கழுவுவாள் என்பது நம்பிக்கை. அப்படியானால் அவளையே அழுக்காக்க முடியுமா? வாரணாசியில் பக்தர் பலருக்குத் தெய்வத்தின் புனிதம் வேறு, நீரின் சுத்தம் வேறு. சாக்கடை கலந்தாலும் கங்கை கங்கைதான். இந்தப் பிரிவினை தத்துவத்தில் நிற்கும், குடலில் நிற்காது. மூன்று முறை முங்கி, உள்ளங்கை நீரை ஆசமனம் செய்பவரின் வயிற்றுக்குள் டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் போகக்கூடும்.

புனிதம், மாசு என்ற இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகச் சுமந்தவர் வீரபத்ர மிஸ்ரா. வாரணாசியின் சங்கட மோசன் கோயிலில் மகந்தாக, அதாவது தலைமைப் பூசாரியாக, இருந்தவர். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். விடியலில் கங்கையில் மூழ்குவார். 1982-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளையோ அதே நீரை ஆய்வகத்தில் சோதித்தது. அன்னை மாசுபட்டாள் என்றால் பக்தர்கள் முகம் திருப்புவார்கள். அன்னைமேல் மலத்தைக் கொட்டுகிறார்கள் என்றால் காது கொடுப்பார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். நதியின் தூய்மைக்கு மதமே தடை என்போர் இதைக் கவனிப்பதில்லை.

பழியைப் பக்தர்மேல் போடுவதும் எளிது. பூமாலையும் சாம்பலும் கண்ணில் படுகின்றன. ஆனால் வாரணாசியில் கங்கையைப் பெரிதும் கெடுத்தது சுத்திகரிக்காமல் விடப்பட்ட நகரக் கழிவுநீர். பக்தர் தாயாகக் காணும் நதியைச் சட்டமும் ஓர் ஆளாகக் காண முயன்றது. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்குச் சட்டப்படி ஆளுக்குரிய தகுதி அளித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.