செய்முறைக் கூடத்தில் ஒரு தராசு

 

நம்மவர் பிள்ளைகள் சிலர் ஆறாம் படிவத்தில் இரசாயனம் எடுத்து எஸ்.டி.பி.எம். பரீட்சைக்குத் தயாராகிறார்கள். மூன்று தவணைகளாக நடக்கும் பரீட்சை அது. எழுத்துத் தாள்களுக்கு 80 விழுக்காடு, பள்ளியில் நடக்கும் செய்முறைக்கு 20.

பரீட்சை நெருங்கினால் நாம் என்ன செய்கிறோம்? லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்குகிறோம். பேனாவில் ஊதச் சொல்லுகிறோம். துஆ வேண்டாம் என்று சொல்ல நாம் யார்! ஆனால் மஃரிபுக்குப் பின் கடையில் கூட்டம் என்று அதே பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்து விடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. கயிற்றை நாமே பிடுங்கி வைத்துக்கொண்டு பிள்ளையை ஒட்டகத்தைக் கட்டச் சொன்னால் அவன் எதைக் கொண்டு கட்டுவான்?

இரசாயனம் ஓர் இரவில் விழுங்கும் பாடமன்று. கரிமப் பொருள்களின் மாற்றங்கள் கோர்வையாக வரும். ஒன்று விட்டால் அடுத்தது பிடிபடாது. குறைவாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்ற ஹதீஸை நாம் தொழுகைக்குச் சொல்லுகிறோம். படிப்புக்கும் சொன்னால் என்ன? சுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேரம் போதும், நாள்தோறும் இருந்தால்.

இரசாயனம் நமக்கு அந்நியமான கல்வியுமன்று. ஆங்கிலத்தில் 'அல்கலி' என்பது செடியைச் சுட்ட சாம்பலைக் குறிக்கும் 'அல் கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் முன்னோர் பெருமைக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க்குக் கிடையாது.

நம் தொழிலுக்கும் இதற்கும் உறவு உண்டு. 4 கிராம் ஹைட்ரஜன் 32 கிராம் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் 36 கிராம் தண்ணீர், கூடாது, குறையாது. வரவும் பற்றும் நேராக வேண்டும். சூரத்துர் ரஹ்மானில் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன உடனே மீஸானை வைத்ததையும், அதில் வரம்பு மீறலாகாது என்பதையும் ரப்புல் ஆலமீன் சொல்லுகிறான்.

இதை நமக்கே ஒரு நாள் படிப்பித்தவன் நம் மகன்தான். அமிலத்தைக் காரத்தில் துளித்துளியாக விட்டு அளக்கும் செய்முறை. கண்ணாடிக் குழாயில் திரவத்தின் வளைவு மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து, 0.05 கன சென்டிமீட்டர் வரை படிக்க வேண்டும். ஒரு துளி மிஞ்சினாலும் கணக்குத் தவறும். அவனுக்கு 24.30, 24.35 என்று இரண்டு வந்தன. மூன்றாவது 24.80. நேரம் இல்லை, 24.30 என்றே எழுதிக் கொடுத்து விட்டான். இரவில் சோறு தின்னும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பொய்யில்லையா தம்பி?" என்றோம்.

"எல்லாரும் செய்றதுதான் வாப்பா" என்றான்.

சகோதரர்களே, அந்த வார்த்தை நமக்குப் புதிதா? ஈரப் பருப்பை நிறுக்கும்போதும், பொட்டலக் காகிதத்தோடு தராசில் வைக்கும்போதும் நாம் சொல்லிக்கொள்வது அதுதானே! அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. அது அரிசிக்கு மட்டும் இறங்கியதன்று. நாளை அவன் மருந்து நிறுப்பவனாகவோ, குடிநீரைச் சோதிப்பவனாகவோ ஆகலாம். அந்த 0.50 அங்கே யாருடைய வயிற்றில் போய் விழும்?

ஆனாலும் நாவு எழவில்லை. மகனைக் கண்டிக்கும் முன் நம் தராசு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் கடை திறந்ததும் தட்டுகளைக் கழற்றிக் கழுவி, காகிதத்தை நீக்கி நிறுக்கத் தொடங்கினோம். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளிக்குப் போய் வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவர் மூன்றாவது எண்ணைத் திருத்தச் சொல்லி, மார்க்கையும் குறைத்தாராம். நம்மிடம் அவன் குறைபடவில்லை.

இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது. அது முடியும் வரை மஃரிபுக்குப் பின் கல்லாவில் நாமே உட்காருகிறோம். வியாபாரம் சிறிது குறைந்துதான் இருக்கிறது.